மேஜையின் அடிப்பக்கம்

புந்தா அரேனாஸில் செப்டம்பர் காற்று
ஆளையே தூக்கும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்.
மேயரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் போவார்,
நண்டு விற்பவளும்.
அப்படித்தான் வந்து சேர்ந்தோம் முதல் நாள்
யாஸ்னா, எலியேசர், நான்.
என் பையில் லேமினேட் செய்த அட்டைகள்:
மகிழ்ச்சி, கோபம், பயம்,
ஆளுக்கொரு மஞ்சள் முகம்.
இரண்டு ராத்திரி உட்கார்ந்து வெட்டியவை.

நாலாம் வகுப்பு. இருபத்தாறு பேர்.
இஸ்மெனியாவுக்குக் காது கேட்காது.
கேட்காதவர்களுக்கு முகம் காட்டிப் பேச வேண்டும் என்று
பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.
எழுதிய அதே கையால் பின்னங்களை எழுதியபடி
கரும்பலகையிடம் பேசிக்கொண்டிருந்தேன்.
பிடரியில் வந்து விழுந்தது ஒரு சாக்பீஸ்.
நல்ல குறி.
எழுந்து வந்தாள்,
இரண்டு விரலால் என் தோளைத் தொட்டு
ஜன்னல் கதவைத் திருப்புவதுபோல்
என்னைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.
யாரும் சிரிக்கவில்லை.
புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் செய்வதுதானாம்.

எலியேசர் பத்தாம் நாளோடு நின்றுவிட்டான்.
சக்கர நாற்காலிக்கு பிரேக் போட மறந்திருந்தான்.
ஒன்றும் ஆகவில்லை.
மில்லாராய் சுவரில் போய் முட்டி,
இன்னொரு தடவை, என்றாள்.
அவனால்தான் சிரிக்க முடியவில்லை.

பால்தசார் மேஜைக்கு அடியில் இருப்பவன்.
அவன் பேசமாட்டான் என்று கோப்பில்
மூன்று வருஷம், மூன்று பேனா.
அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே நீட்டினேன்.
ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன,
முகவரி தவறிய தபால் மாதிரி.

ஐந்தாம் வாரம். மேற்பார்வையாளர் வரும் நாள்.
அறிமுகம் ஐந்து நிமிடம், செயல்பாடு இருபது,
பெருக்கல்.
காற்று எங்கேயோ கம்பியை அறுத்தது.
ப்ரொஜெக்டர் கண்ணை மூடிக்கொண்டது.
வேறெதுவும் தோன்றாமல்
முட்டியை மடக்கி உள்ளே நுழைந்தேன்.

பலகை முழுக்க சூயிங்கம்.
எத்தனையோ வருஷத்துப் பற்கள் பதிந்து,
இளஞ்சிவப்பாய், சாம்பலாய், கல்லாய்.
நாலு நாலாகச் சேர்த்துப்
பென்சிலால் வேலி போட்டிருந்தான்.
ஆறு வேலி.
ஏழாவதில் ஒன்றுதான் இருந்தது.
என் தாடையையே பார்த்தான்.
ஆசிரியர்கள் மெல்லக் கூடாது என்பது விதி.
எடுத்து ஒட்டினேன்.
இரண்டு விரலை நீட்டினான்:
இன்னும் இரண்டு.

அந்தப் பக்கத்திலிருந்து இஸ்மெனியா தவழ்ந்து வந்தாள்.
பிறகு ஒவ்வொரு மேஜைக்கும் அடியில்
கணக்கெடுப்பு.
நாற்காலியில் சாய்ந்து குனிந்து
மில்லாராய் மேலிருந்தே வேவு சொன்னாள்.
கதவு திறந்தபோது
எனக்குத் தெரிந்தது ஒரு ஜோடி காலணி மட்டும்.
வெகுநேரம் நின்றன.

பாட நோக்கம் தெளிவாக இல்லை, என்று எழுதியிருந்தார்.
ஏழுக்கு நாலு புள்ளி ஒன்று.
நாலு வாங்கினால் தேர்ச்சி.
வகுப்பறையில் ஆசிரியரைக் காணவில்லை என்று
ஓரத்தில் ஒரு குறிப்பு.

சாயங்காலம் கயிற்றைப் பிடித்து
முனைக்கடைவரை போனேன்.
கடைக்காரி இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.
சூயிங்கம், என்று கத்தினேன்.
சொல்லைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது.
அவள் பக்கம் நன்றாகத் திரும்பி நின்று
வாயைத் தொட்டேன்,
மெல்வதுபோல் தாடையை அசைத்தேன்,
இரண்டு விரலை நீட்டினேன்.