கதிரை ஐந்து

கைதடியில் மார்கழி மழை.
மண்டபக் கதவு திறக்க
இரண்டு திறப்பும் ஒரு தோளும் வேண்டியிருந்தது.
ஆண்டிறுதிக் கணக்கெடுப்புக்கு வந்தவர் குணபாலசிங்கம் ஐயா.
பதிவேடு என் கையில்.

"அமைச்சர் கதிரை?"
"ஐந்து."
"எண்ணிச் சொல்லும் பிள்ளை."
எண்ணினேன். ஐந்துதான்.
சட்டமும் அவ்வளவுதான் சொல்கிறது:
முதலமைச்சர் ஒருவர்,
அவரோடு நால்வருக்கு மேற்படாமல்.

மாகாணத்தை அவர்களுக்குப் பங்கிட்ட அன்று
தட்டச்சில் இருந்தது நான்.
கல்வி ஒருவருக்கு. சுகாதாரம், கமம், கடற்றொழில்.
மிச்சமெல்லாம் முதல்வருக்கு என்று அடித்தேன்.
"மிச்சமெல்லாம் என்று எழுதக்கூடாது, விரித்தெழுதும்" என்றார் செயலாளர்.
விரித்தேன்: நிதி, திட்டமிடல், உள்ளூராட்சி, காணி.
காணி என்றதும்
பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

பிறகு அராலியில் ஒரு கிணறு உவரானது.
கிருஷாந்தினி என்பவரின் மனு,
கொப்பித் தாளில், சிவப்பு ஓரக்கோட்டோடு.
கமம் சொன்னது: குடிக்கிற தண்ணீர் எங்களதல்ல.
சுகாதாரம் சொன்னது: உப்பு நோயல்ல.
"கடல்தானே ஊருக்குள் வந்திருக்கு,
கடற்றொழிலுக்கு அனுப்புங்கோ"
என்றவர் பகிடிக்குத்தான் சொன்னார்,
கோப்பு உண்மையாகவே அங்கே போனது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம். இரண்டரை மணித்தியாலம்.
தேத்தண்ணி இரண்டு தரம்.
ஒருவர் கோப்பை மேசையில் அடித்தார்,
ஒருவர் எழும்பிப் போய் யன்னலோரம் நின்றார்.
வெளியே வந்தபோது
ஐந்து பேருக்கும் ஒரே வாய்.
கூட்டுப் பொறுப்பு என்று
குறிப்பில் நான் எழுதவில்லை,
ஒரு வரிதான் எழுதினேன்:
திங்களும் வியாழனும் பவுசர்.
பவுசர் போனது. அதையும் சொல்ல வேண்டும்.

சபையின் காலம் முடிந்தது.
தேர்தல் வரும் என்றார்கள்.
பெயர்ப்பலகைகளைப் பழைய 'உதயன்' தாளில் சுற்றி
லாச்சியில் வைத்தேன்.
ஆளுநருக்கு ஆலோசனை சொல்ல ஐவர் என்று
எழுதியிருக்கும் பக்கம் இன்னும் இருக்கிறது,
ஐவர்தான் இல்லை.
செயலாளர் எழுத, ஆளுநர் ஒப்பமிட,
கோப்பு இப்போது விரைவாகத்தான் நகர்கிறது.
மேசையில் அடிக்க ஒருவருமில்லை.

ஒரு முறை சுன்னாகம் சந்தையில்
வெங்காயக்காரி ஒருத்தி
கமத்தொழில் அமைச்சரை மறித்து வைத்து
கால் மணித்தியாலம் ஏசினாள்.
அவர் தலை குனிந்து நின்றார்,
சறம் நனைந்த மனிதரைப்போல.
அடுத்த கிழமை ஒரு சுற்றுநிருபம் வந்தது.
அமைச்சு என்றால் என்னவென்று
எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்,
சட்டப் புத்தகத்தில் அல்ல.

"மூன்றாம் கதிரைக்குச் சில்லு ஒன்றில்லை" என்றார் ஐயா.
"கழிப்பமா?"
"கழிக்க அமைச்சின் அனுமதி வேண்டும் ஐயா."
அவர் பேனையை மூடினார்.
பிறகு திறந்தார்.

இன்று காலைத் தபாலில்
அதே சிவப்பு ஓரக்கோடு, அதே கையெழுத்து.
உறையின் மேல்: கௌரவ அமைச்சர் அவர்கட்கு.
எந்த அமைச்சர் என்று இல்லை.
உள்ளே:
'பவுசர் நின்று நாலு மாதம்.
தண்ணீர் தராவிட்டாலும்
யாரை ஏசுவது என்றாவது
அறியத்தரவும்.'

பதிந்தேன். வரவு எண் இட்டேன்.
'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில்
மை ஒரு புள்ளியாய் ஊறிப் பெருத்தது.
ஐயா அடுத்த பொருளைக் கேட்டார்.
மின்விசிறி, என்றேன்.
ஆறு.