எச்சக் கணக்கு

செப்டம்பர் அறிவியல் கண்காட்சிக்கு
எரிமலை செய்தவர்கள் நான்கு பேர்.
எலுமிச்சையில் விளக்கெரித்தவன் ஒருவன்.
லீலோ மட்டும்
ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.
திறந்தேன்.
தேரையின் எச்சம். காய்ந்தது.
என் சுண்டுவிரலில் பாதி நீளம்.

"இன்னும் இருபத்திரண்டு இருக்கு, டீச்சர்."

எஸ்டோனியாவின் தென்கோடி, வோருவில்
கோடை இரவுகள் இருட்டவே மறந்துபோகும்.
அந்த அரை வெளிச்சத்தில்
பள்ளியின் முட்டைக்கோஸ் பாத்தியைச் சுற்றி
விடுமுறை முழுக்க நடந்திருக்கிறாள்,
பழைய பல் பிரஷ்ஷும் ஒரு கரண்டியுமாக.

வெந்நீரில் ஊறப்போட்டோம்.
துப்புரவுக்கு வந்த ஹெல்வி
மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினாள்.
மெல்லக் கலைந்தது.
இடுக்கி முனையில் ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன:
கருநீல ஓட்டுச் சிறகு, பிறகு அதன் ஜோடி,
தலை மட்டும் மிஞ்சிய எறும்புகள்.
ஒரே எச்சத்தில் நூற்றுப் பதினேழு தலைகள்!
ஓடில்லாத நத்தையோ எதையும் மிச்சம் வைக்காது.
"தின்றிருந்தாலும் சாட்சி இல்லை"
என்று எழுதினாள்.
அந்த வரிக்கு அடிக்கோடிட்டேன்.

வாயால் கெடும் என்று பேர் வாங்கிய பிராணி.
அந்த வாயால்தான் பிழைக்கிறது முட்டைக்கோஸ்.
இப்படி ஒரு வாக்கியத்தைத்தான்
அறிக்கையின் முடிவில் எதிர்பார்த்தேன்.
அதற்குத் தோதாக
இரண்டு பத்திகளும் நானே போட்டுக் கொடுத்திருந்தேன்:
உதவி. கேடு.

பதினான்காவது எச்சத்தில் ஒரு தேனீயின் கால்.
மகரந்தக் கூடை அப்படியே.
தாவியின் முகம் சுருங்கியது.
அவர்கள் வீட்டில் முப்பது தேன்பெட்டிகள்.
பதினைந்தில் ஒரு தரைவண்டு,
புழுக்களை வேட்டையாடும் நல்ல வண்டு.
"இது எந்தப் பக்கம்?" என்றாள் லீலோ.
நான் ஜன்னலைத் திறக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தாளில் மூன்றாவது கோடு.
தலைப்பு: பசி.
மற்ற இரண்டையும் காலியாக விட்டுவிட்டு
எல்லாத் தலைகளையும் சிறகுகளையும்
அதன் கீழே ஏற்றியிருந்தாள்.
கூட்டல் சரி.
எழுத்துப்பிழை இரண்டு.
ஐந்துக்கு நான்கு போட்டேன்.
பிழைகளுக்காகத்தானா, தெரியவில்லை.

சாயங்காலம் கொட்டகையைப் பூட்டப் போனேன்.
கையில் நீல உருண்டைகளின் பை,
நத்தைகளுக்கென்று
தலைமையாசிரியர் வாங்கச் சொன்னது.
குழாயடி ஈரத்தில் உட்கார்ந்திருந்தது அது.
செம்பு நிறக் கண்.
உரித்த சட்டையைத் தானே தின்று முடித்த
புதுப் பளபளப்பு.

ஒரு நத்தை கொம்பு நீட்டி அசைந்தது.
தேரை தலையைச் சாய்த்தது. அவசரமே இல்லை.
பிறகு நாக்கு.
அதை நான் பார்க்கவில்லை,
நத்தை இல்லாததைத்தான் பார்த்தேன்.

விழுங்கும்போது கண்களை மூடிக்கொள்கிறது,
ருசியில் அல்ல:
விழிகள் உள்ளே அமிழ்ந்து
இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன.
பதினோரு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன் இதை,
படம் போட்டு, பாகம் குறித்து.
பார்த்தது இன்றுதான்.

என் செருப்பை ஒட்டி நடந்து
பாத்திக்குள் போனது.
குதிக்கக்கூட இல்லை.

பையை உள்ளே வைத்துப் பூட்டினேன்.
மறுநாள் தலைமையாசிரியர் சாவி கேட்டார்.
தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.