மாசிக்குள்

சாயப்பட்டறையில் கழித்த நீல டிரம்
பாதியாக அறுத்து வாங்கினேன், நூற்றியிருபது ரூபாய்.
நாலாம் தடவை கழுவியும் தண்ணீர் லேசாகச் சிவந்தது.
தின்கிற பொருளாச்சே என்று
கீழ்வீட்டாருக்குத் துணி ஊறவைக்கக் கொடுத்துவிட்டேன்.

தென்னம்பாளையம் மீன் மார்க்கெட்டில்
தெர்மாகோல் பெட்டி மூன்று, சும்மாவே தந்தார்கள்.
அடியில் கம்பியைச் சுட்டுத் துளை போட்டேன்.
காங்கயம் பஸ்ஸில் மடியில் வைத்து வந்த செம்மண்,
நார்க்கழிவு, காய்ந்த சாணி.
தை பத்து. மூன்றாம் மாடி.
விடியலில் குழாயைத் தொட்டால் விரல் கூசுகிற நாட்கள்.

பாலக், வெந்தயம்,
பாட்டிலை உருட்டி இரண்டாக்கிய மல்லி.
பக்கத்து ரூம் மினதி
ஒரிசாவிலிருந்து கொண்டுவந்த கடுகில்
ஒரு சிட்டிகை போட்டாள்.
"தாளிக்கவா?" என்றேன்.
"இலைக்கு" என்றாள், தமிழில்,
அவள் கற்ற நூறு சொற்களில் ஒன்றைச் செலவழித்து.

மாநகராட்சித் தண்ணீர் எட்டு நாளைக்கொருமுறை, நாலு குடம்.
போர் தண்ணீர் ஊற்றினால்
பாலக்கின் ஓரம் பீடி சுட்டதுபோல் கருகுகிறது.
அரிசி கழுவின தண்ணீர் எத்தனை இலைக்குப் போதும்?

கம்பெனியில் பையர் உட்காரும் அறைக்கு மட்டும் ஏசி.
அதன் பின்சுவரில் ஒரு குழாய்,
சொட்டு, அப்புறம் யோசித்து இன்னொரு சொட்டு.
கீழே பெயிண்ட் வாளியை வைத்தேன்.
"ஏனுங்க அம்மிணி, அதுல என்னத்தப் புடிக்கறீங்க?"
செக்யூரிட்டி மாரப்பன்.
"மழைங்க" என்றேன்.

தை முழுக்கப் பையர் இரண்டே நாள்தான் வந்தார்.
ஒன்றரை வாளி.
பனியன் நூல் வெட்டும் ட்ரிம்மரால்
வெளி இலையை மட்டும் நறுக்கி, குருத்தை விட்டு,
ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கடைசல்.
ஓவர்டைம் இல்லாத ஞாயிறுகளைச் சொல்கிறேன்.

மாசி கடைசியில் வெயில் தகரத்தில் ஏறியது.
ஏசி நாள் முழுக்க ஓடியது.
மத்தியானத்துக்குள் வாளி வழிந்து
வராந்தா நனைந்து, மாரப்பனே எடுத்துவைத்தார்.
உப்பில்லாத தண்ணீரைச் சுமந்து படியேறினேன்.
மல்லி பூத்திருந்தது.
பாலக் நடுவில் ஒரு தண்டு
ஷிப்மென்ட் தேதி தெரிந்ததுபோல் ஓடியது.
கிள்ளி வாயில் போட்டேன். கசப்பு.

பிடுங்கப் போனேன். மினதி கையைப் பிடித்தாள்.
"கடுகு இருக்கட்டும்."

தளம் ஒழுகுதா என்று பார்க்க வந்த
வீட்டுக்காரர் சென்னியப்பன்
மஞ்சளாக நின்றதைப் பார்த்து
வந்த காரியத்தை மறந்து, வாடகையைக் கேட்டார்.

சித்திரையில் காய் வெடிக்கத் தொடங்கியது.
மூன்று மாதக் குழந்தைச் சட்டையின் பாலிபேக்கில்
மினதி ஒரு பிடி கொட்டிக் கொடுத்தாள்.
குழந்தைக்கு மூச்சு முட்டக்கூடாதென்று குத்திய துளை வழியே
நாலைந்து கடுகு
தளத்தில் உருண்டன.
இரண்டு பேரும் முட்டிபோட்டுத் தேடினோம்.
மூன்று கிடைத்தது.