முந்நூற்றுப் பன்னிரண்டாவது சென்டிமீட்டர்

பிரெமர்ஹாஃபனில் பிற்பகல் இரண்டு மணி.
புந்தா அரேனாஸில் அவெலினோ
காலைக் காப்பியை ஊதிக்கொண்டிருக்கிறான்.
சப்போரோவில் மகளைத் தூங்கவைத்துவிட்டு
குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள் ஹரூயோ.
பெர்கனில் மழை.
ஸொல்வெய்க் அதைச் சொல்லித்தான் தொடங்குவாள்,
நிகழ்ச்சிநிரலில் அதையே முதல் உருப்படியாக்கிவிட்டேன்.
ஐந்தாவது கட்டம் இருட்டு.

என்ன வேலை என்று கேட்டால்
ஒருங்கிணைப்பாளர் என்பேன்.
எதை?
சேற்றை.
எல்லோரும் சிரிப்பார்கள்.
மீன்துறைமுகத்து ரொட்டிக்கடைக்காரி மட்டும்
"எந்தக் கடலுடைய சேறு?" என்றாள்.

உண்மையில் நான் ஒருங்கிணைப்பது சுங்கப் படிவங்களை.
ஒன்றரை மீட்டர் குழாய்க்குள் இருப்பது
உணவா உரமா கனிமமா என்று
வால்பரைசோவில் ஓர் அதிகாரி பதினெட்டு நாள் யோசித்தார்.
ஐம்பதாயிரம் ஆண்டுகள் ஐயா, என்று எழுதினேன்.
காலாவதித் தேதியைக் குறிப்பிடவும், என்று பதில் வந்தது.

மூன்று சென்டிமீட்டர் வண்டல் படிய ஆயிரம் ஆண்டு.
எங்களுக்கு நிதி மூன்று ஆண்டு.
அந்தக் கணக்கில் இந்தத் திட்டம்,
அதன் ஏழு நாடுகள், நாற்பத்தோரு கையொப்பங்கள்,
எல்லாம் சேர்ந்து ஒரு தலைமுடித் தடிமன்.
(அறிக்கையில் இதைப் போடாதே என்றாள் ஸொல்வெய்க்.)

ஹரூயோ ஈரத் தூரிகையின் நுனியால்
உப்புக்கல்லினும் சிறிய ஓடுகளை ஒற்றி எடுக்கிறாள்.
தான் மிதந்த சில வாரங்களில்
நீர் எவ்வளவு வெதுவெதுப்பு என்று
சுண்ணாம்பில் எழுதிவிட்டுச் செத்த உயிர்கள்.
அவற்றுக்கும் வானிலைதான் முதல் உருப்படி.

நான்கு ஆண்டாக ஒரே சண்டை.
தெற்கில் பனி உருகியது முன்னா, வடக்கில் முன்னா?
அவெலினோ ஒருமுறை திரையை மூடிவிட்டே போனான்.
என் வேலை, மறுநாள்
இருவருக்கும் ஒரே கடிதத்தை
வெவ்வேறு சொற்களில் எழுதுவது.

யெவ்சேய் சண்டை போடமாட்டான்.
விளாடிவஸ்தோக்கில் இரவு பத்து மணிக்கு
ஊறுகாய் தின்றபடி கேட்டுக்கொண்டிருப்பான்.
ஒகோத்ஸ்க் கடலின் நீண்ட குழாய் அவன் எடுத்தது.
பிறகு, தெரியும்தானே,
கடிதங்கள் திரும்பி வரத் தொடங்கின.
பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுக்கச் சொன்னார்கள்.
எடுத்தேன். நான்தான் எடுத்தேன்.
கட்டத்தை எடுக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை,
அதனால் அது இருக்கிறது.

அவனுடைய கடைசிக் கடிதம் மூன்று வரி.
*முந்நூற்றுப் பன்னிரண்டில் உள்ள சாம்பல்
நான் சொன்ன எரிமலையுடையது அல்ல.
தவறு என்னுடையது. மறுபடி பாருங்கள்.*

குளிர் அறையில் நான்கு டிகிரி.
ஒவ்வொரு குழாயும் நெடுக்காகப் பிளந்து இரண்டு பாதி.
ஒன்றைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுவிட்டோம்.
மற்றது காப்புக்கு, விரல் படாதது.
தட்டை இழுத்தேன்.
அவன் கையெழுத்து: அம்புக்குறி மேல்நோக்கி.
அவெலினோவின் கடலும் அவன் கடலும்
ஒரே தட்டில், ஒரு சாண் இடைவெளியில்.
சாம்பல் இருந்தது, நகக்கீறல் அளவு, பழுப்பு கலந்து.
கறுப்பு என்று எழுதியிருந்தோம் எல்லோரும்.
ஒருவரைப் பார்த்து ஒருவர்.

ஆய்வகம் ஆறு வாரம் எடுத்துக்கொண்டது.
வேறு எரிமலைதான். நானூறு ஆண்டு வித்தியாசம்.
வரைபடத்தில் வடக்கின் கோட்டைப் பிடித்து
நகர்த்தினேன், மேசையை நகர்த்துவது போல.
தெற்கு முன்னால் வந்து நின்றது.

இன்று அதைச் சொன்னேன்.
அவெலினோ கைதட்டுவான் என்று நினைத்தேன்.
கோப்பையைக் கீழே வைத்தான்.
"யார் கண்டுபிடித்தது?"

பதிவு மென்பொருளில் அந்தப் பெயரை அடித்தால்
சிவப்புக் கோடு வருகிறது.
குளிர் அறைக் கதவருகே ஒரு தாள்நோட்டு தொங்குகிறது;
அந்தக் குளிரில் பேனா எழுதாது, பென்சில்தான்.
*312 செ.மீ. திருத்தம்.*
திருத்தியவர் என்ற கட்டத்தில்
நிதானமாக, அழுத்தி எழுதினேன்.
காப்புப் பாதிக்கு அடுத்த பக்கம் அது.

சப்போரோவில் குழந்தை விழித்து அழுதது.
ஹரூயோ எழுந்து போனாள்.
காலியான நாற்காலியும் இருட்டுக் கட்டமுமாகத் திரை.
அடுத்த உருப்படி, என்றேன்.
யாரும் பேசவில்லை, பெர்கனில்
மழை மட்டும் கேட்டது.