பனிவீட்டுக்குக் கரை வைத்தல்

இடவப்பாதி தொடங்கிப் பதினோரு நாள்.
மரமெல்லாம் பட்டை ஊறி நிற்கிறது, கத்திக்கு வேலையில்லை.
குலசேகரத்தில் பால்வெட்டு இல்லாத ஒருவன்
கவலைப்படலாம்,
இல்லையென்றால் கடையில் போய்ப் பற்று எழுதச் சொல்லலாம்.
நான் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

தொடுவெட்டிச் சந்தையில் துணி கிலோவுக்கு.
கப்பலேறாமல் திரும்பிய மூட்டைக்குள் கிடந்தது
இரண்டு முழ அகலம், மூன்று முழ நீளத்தில்
ஒரே படமாக அச்சடித்த துணி.
மரவீடு, புகைக்கூண்டு, வாசலில் ஒரு செந்நரி,
மீதியெல்லாம் பனி.
இதை வைத்து என்ன செய்வதென்று
விற்றவனுக்கும் தெரியவில்லை.
நடுவில் இதைப் போட்டுச் சுற்றிலும் துண்டு தைத்தால்
ஒரு கட்டில் மூடும் என்று
எனக்குத் தோன்றியது.

மடித்துப் பார்த்தேன்.
மூலைக்கு மூலை சேரவில்லை.
அச்சடித்தவன் கை எங்கோ நழுவி
வீடு முக்கால் இஞ்சு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
ஈரத்துண்டு போட்டு இஸ்திரி வைத்தேன்.
ஒரு மூலையை நான் பிடிக்க
எதிர் மூலையைச் செல்வபாய் பிடிக்க
குறுக்கே இழுத்தோம், கன்றுக்குட்டியை இழுப்பதுபோல.
கால் இஞ்சு வந்தது.
மிச்சம் வரமாட்டேன் என்றது.

நேராக வெட்டினால் நரிக்கு வால் போகும்.
இருபத்தாறு வருடம்
விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டி
முன்னூறு மரத்தில் சாய்த்துச் சாய்த்தே வெட்டிய கை.
இதனிடம் போய் நேர்கோடு கேட்பதா?
வால் இருந்துவிட்டுப் போகட்டும்.
கரையைத்தான் கோணலாக வைத்தேன்,
மேலே இரண்டு இஞ்சில் தொடங்கிக்
கீழே வரும்போது ஒன்றரை.
கோணல் கரைக்குள் போயிற்று.
வீடு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்த வரிசைக்குப் பச்சைப் பெட்டியைத் திறக்கவேண்டும்.
பெட்டி அவளுடையது.
பால்காய்ப்பு வீடுகளில் தாம்பூலத்தோடு தந்த ரவிக்கைத் துணிகள்,
வில்ஜியின் பள்ளிக்கூடத்து நீலக்கட்டம்,
குடைக்கு வாங்கி மிஞ்சிய கறுப்பு.
ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.
"இது எங்க அக்கா தந்ததாக்கும்."
உள்ளே போயிற்று.
"இது வழிய மறிச்சு மதில் கட்டினவ தந்தது.
தாராளமா வெட்டுங்க."
அப்படியாக, பனியைச் சுற்றி முதல் வரிசை முழுக்க
எங்களுக்கு ஆகாதவர்கள்.

இரண்டாவது, நீலக்கட்டம்.
மூன்றாவதில் ஒரு முழம் குறைந்தது.
கரண்டும் போயிருந்தது.
பெட்டியின் அடியில் கைவிட்டு
ஒரு சிவப்பை எடுத்து மிஷின் மேல் வைத்தாள்.
யார் தந்தது என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
மெழுகுதிரி வெளிச்சத்தில்
அதற்கு மட்டும் தையலை நெருக்கிப் போட்டேன்.

மற்றதையெல்லாம் உப்புத்தண்ணீரில் முக்கிச்
சாயம் போகுமா என்று பார்த்தவர்கள்
அதை மறந்துபோனோம்.
அலசிப் பிழிந்து, வெயில் எங்கே இருக்கிறது,
புகைப்புரையில் ரப்பர் ஷீட்டுகளுக்கு இடையே காயப்போட்டேன்.
காலையில் போய்ப் பார்த்தால்
சிவப்பு இறங்கி ஓடியிருக்கிறது.
நீலம் தாண்டி, மதில்காரியைத் தாண்டி,
பனியில் ஒரு பாகம், நரி நிற்கிற பக்கம்,
இளஞ்சிவப்பு.

என் வயிறு எரிந்தது.
அவள் கொஞ்சநேரம் பார்த்தாள்.
"அந்த நாட்டுலயும் அந்தி வராமலா இருக்கும்" என்றாள்.
பிறகு கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

மேல்துணி மட்டும் ஆயிற்று.
நடுவில் வைக்கப் பஞ்சு இல்லை, அடித்துணி இல்லை,
போர்த்திக்கொள்ள இங்கே குளிரும் இல்லை.
மேற்கே வானம் லேசாக வெளுக்கிறது.
நாளைக்குப் பட்டை உலர்ந்தால் நான் மரத்துக்குப் போய்விடுவேன்.
கத்தியைத் தீட்டவேண்டும்.

மடித்துப் பெட்டிக்குள் வைக்கும்போது
முகர்ந்து பார்த்தேன்.
பனியில் நிற்கிற நரி
ரப்பர் புகை மணக்கிறது.