நான்காவது டேக்

குருசுக்குப்பத்தில் ஒரு பழைய ஐஸ் குடோன்.
நாள் வாடகை ஆயிரத்து இருநூறு.
சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டியது நான்தான்.
பியானோவை ஐந்து பேர் தூக்கிவந்து இறக்கியபோது
நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு கட்டை
உப்புக் காற்றில் ஊமையாகியிருந்தது.
அழுத்தினால் டொக்.
அவ்வளவுதான், டொக்.

ட்யூனர் வர வியாழன் ஆகும் என்றார்கள்.
பரவாயில்லை என்றாள் எர்மீன்.
அவள் பரவாயில்லை என்றால்
யாருக்கோ வேலை கூடப்போகிறது.

தேசிங்கு ரீடை நாக்கில் ஊறப்போட்டிருந்தான்.
கடலூர் ஓ.டி.யில் சாவுக்கும் ரிசப்ஷனுக்கும்
ஒரே சட்டையில் ஊதிய வாய்.
என்ன சுருதி, கேட்கவில்லை.
எத்தனை நிமிஷம், கேட்கவில்லை.
ஒப்பந்தம் ஒன்றுதான்:
ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்துவைக்கக் கூடாது.

முதல் டேக்கில்
நீங்க போங்க நீங்க போங்க என்று வழிவிட்டு
இருவருமே போகவில்லை.
இரண்டாவதில் சண்டை, நல்ல சண்டை,
மீன் வண்டி ஹாரன் ஜெயித்துவிட்டது.
மூன்றாவது அழகாக வந்தது.
அழி, என்றாள்.
அழிப்பதுபோல் நடித்தேன்.

நான்காவதில்
அவள் கை இறங்கி இறங்கி வந்தது.
எங்கே வந்து நிற்குமென்று எனக்குத் தெரியும்,
தேசிங்குக்கும் தெரியும்.
டொக்.
நகரவில்லை. அங்கேயே மறுபடி, டொக்.
ஆடும் பல்லை நாக்கு
திரும்பத் திரும்பப் போய்த் தொடுமே, அப்படி.

அவன் மூச்சை நிறுத்தினான்.
வாயிலிருந்து சாக்ஸை எடுக்காமல்
விரலை மட்டும் ஓடவிட்டான்.
துளைகளில் தோல் மூடிகள் உட்காரும் சத்தம்,
தகரத்தின் மேல்
நண்டுக் குஞ்சுகளைக் கொட்டியதுபோல.
இரண்டு நிமிஷம் பதினோரு விநாடி
குடோனில் ஒரு சுரமும் இல்லை.
மீட்டரில் பச்சை எழவே இல்லை.
அளவைக் கூட்டினேன்:
அலை உள்ளே வந்தது,
அவள் கழுத்துச் சங்கிலி உரசுவது வந்தது,
சாப்பிடாத என் வயிறும்.

அப்புறம்தான் ஊதினான்.
அந்த ஊமைக் கட்டையின் சுரத்தை, சரியாக அதையே,
ஓரம் பிய்ந்த குரலில்,
யாருக்கோ சொல்வதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.
அவள் வாசிக்கவில்லை.
சிரித்தாள்.
அதுவும் பதிவில் இருக்கிறது.

வியாழன் ட்யூனர் வந்து கட்டையைப் பேசவைத்தார்.
அன்று எடுத்த எதுவும் ஆல்பத்தில் இல்லை.
மூன்றாவது டேக் என் ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது,
ஏனோ திறப்பதில்லை.

நேற்றுச் சென்னையிலிருந்து
மிக்ஸிங் பையன் போன் செய்தான்.
அண்ணே, நாலாவதுல ஏதோ தட்டிக்கிட்டே இருக்கு,
எடுத்துரட்டுமா?
எடுத்தா பாட்டே இருக்காதுடா.
பாட்டா, என்றான்.