இரண்டாவதில் நறநற

லங்னாவில் விடிய நாலே முக்காலுக்குப் பஸ் இல்லை.
அதனால்தான் இந்தக் கார்:
மூன்று கதவு, மூன்று சிலிண்டர்,
அர்தித்தா பிள்ளைப்பேற்று லீவில் போனபோது
ஆயிரத்து எண்ணூறு பிராங்குக்கு விட்டுப்போனது.
பின் சீட்டு இடுக்கில் இன்னும்
அவள் கொறித்த சூரியகாந்தி விதைக் கோதுகள்.

முதலாவது கியர் நல்ல பிள்ளை.
மூன்றாவது சொன்ன சொல் கேட்கும்.
இரண்டாவதுக்குத்தான் வியாதி.
தள்ளினால் ஒரு கணம் யோசிக்கிறது,
கடன் கேட்டு வந்தவனைக்
கதவிடுக்கால் பார்ப்பதுபோல.
பிறகு டக்கென்று விழுகிறது.
விழுந்தாலும் சும்மா கிடக்கிறதா?
பால்பண்ணைச் சந்தியிலிருந்து
முதியோர் இல்லத்து வாசல் வரை
ஏற்றம் முழுக்கப் பல்லைக் கடிக்கிறது.

ரேடியோவைக் கூட்டிவைத்து
இரண்டு கிழமை கேட்காதமாதிரி ஓடினேன்.
ஓல்டனிலிருந்து மச்சான் போனில் சொன்னார்:
"எண்ணெயை மாத்து."
மச்சானுக்கு எல்லாத்துக்கும் எண்ணெய்தான்,
முழங்கால் நோவுக்கும்.

கராஜில் ரோத்லிஸ்பெர்கர் ஓட்டிப் பார்த்தார்.
பூனைபோலப் போய்வந்தது.
சனியன், அன்றைக்கென்று வாய் திறக்கவில்லை.
"எப்படியான சத்தம்?" என்றார்,
கையில் வேலைச்சீட்டும் பேனாவும்.

பதினேழு வருச ஜெர்மன் இருக்கிறது என்னிடம்.
இரத்த அழுத்தம் சொல்வேன், படுக்கைப்புண் சொல்வேன்,
இறந்தவரின் மகனிடம்
எந்த உடுப்பு உடுத்திவிட என்று
குரல் உடையாமல் கேட்பேன்.
இதற்கு மட்டும் ஒரு சொல் வரவில்லை.
"சத்தம்" என்றேன். "கெட்ட சத்தம்."
அவர் காத்திருந்தார்.
பொறுமையான மனுசன். அதுதான் கஷ்டம்.

நாக்கின் பின்னால் வரிசையில் நின்றன எல்லாம்.
கறகற இல்லை, அது தொண்டைக்கு.
கடகட இல்லை, அது வெளியில் தொங்குகிற இரும்பு.
சரசர காய்ந்த இலை. மொறுமொறு தின்கிற சாமான்.
கிறீச் பிரேக்குக்குச் சொந்தம்.
சரி போ என்று சொல்லிவிட்டேன்:
"நறநற."

"நரா நரா?"
"இல்லை. ற. நாக்கை அழுத்தி. நற, நற."
பல்லைக் கடித்துக் காட்டினேன்,
கிளச் மிதிக்கிற இடது காலையும் தூக்கி.
டயர் உருட்டிக்கொண்டிருந்த பயிற்சிப் பெண் நோயெமி
நின்றுவிட்டாள்.
"கிளச்சை மிதித்தால்?"
"நின்றுபோகும்."
"விட்டால்?"
"நறநற."
"குளிரில்?"
"நறநறநறநற."
எழுதினார், தன் மொழியின் எட்டு எழுத்தில்.
கீழே கோடும் இழுத்தார்.

நாலாம் நாள் நோயெமி கூப்பிட்டாள்.
கியர்பெட்டிக்குள் முதல் தண்டின் பேரிங் போலிருக்கிறது,
இரண்டாவதின் சின்க்ரோ வளையமும் தேய்ந்திருக்கும்,
கழற்றாமல் உறுதி சொல்ல முடியாது,
ஆயிரத்து நானூறுக்குக் குறையாது.
கொஞ்சம் நின்று சொன்னாள்:
"இன்று விடிய ஆறு மணிக்கு நானே எடுத்து ஓடினேன்,
குளிர விட்டு. அப்படியேதான் சொல்கிறது, நறநற."
ற சரியாக வந்தது அவளுக்கு.
அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு
நான் வாங்கிய பரிசுபோல ஏனோ சந்தோசம்,
ஆயிரத்து நானூறு காதில் கிடக்கும்போதே.

திங்கள் சொல்கிறேன் என்று காரை எடுத்துவந்தேன்.
ஒன்பது இரவு வேலை, வரி போக.
அல்லது இன்னொரு அர்தித்தாவைத் தேட வேண்டும்.

இன்று உறைபனி.
இரண்டாவதைத் தொடாமல்
ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவித் தாவி வந்தேன்,
இருமி இருமி ஏறியது, நிற்கவில்லை.
இப்படியே சித்திரை வரை தள்ளலாம் என்று
கணக்குப் போட்ட இடத்தில், பால்பண்ணைச் சந்தியில்,
டிராக்டர் ஒன்று குறுக்கே வந்தது.
வேறு வழியில்லை. போட்டேன்.
யோசித்தது.
டக்.
அது தொடங்க முந்தி
நானே சொல்லிவிட்டேன்.